மேற்கே பெய்கிற மழை: சின்னமனூர் நாட்குறிப்பு

மே 30

வெக்கை இன்னும் இறங்கவில்லை. அப்பா பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது முல்லைப் பெரியாறு அணை மட்டத்தைத்தான். இந்த ஊரில் "எத்தனை அடி?" என்று கேட்டால், எந்த அணை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

எங்கள் ஊர்த் தட்பவெப்பத்தை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். இந்தச் சரிவில் இறங்கி வருவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். எங்களுக்கென்று பெய்கிற மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனாலும் முதல் போக நெல்லுக்கு வைகாசி கடைசியிலேயே நாற்றங்கால் தயாராகிறது. பெய்யாத மழையை நம்பி விதை ஊறப்போடுகிற ஊர் இது.

ஜூன் 2

நேற்று தேக்கடியில் மதகைத் திறந்துவிட்டார்கள். பாசனத்துக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100. பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கருக்கும் இதுதான் ஆதாரம். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, குழாயில் விழுந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்த பிறகு ஆற்றுக்கு வரும். பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், அப்புறம் நாங்கள்.

வாய்க்காலில் முதல் தண்ணீர் அழகாக ஒன்றும் வராது. தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு, அவற்றின் பின்னால் கலங்கலாகத் தண்ணீர். அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜூன் 8

பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பள்ளியில் பென்னிகுவிக் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். "மாமா, அவர் சொத்தை வித்து அணை கட்டுனாருல்ல?" என்று வந்தான். ஊரே சொல்கிற கதை. அதற்கு ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அதனால் இன்னொரு கதை சொன்னேன்.

இந்த யோசனை வெள்ளைக்காரனுடையது மட்டுமல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது மந்திரி, முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பி, மேற்கே ஓடுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவரச் சொன்னார். வைகையின் கடைமடைக்காரருக்குத்தானே தாகம் அதிகம்! முடியும் என்றார்கள்; பணம்தான் இல்லை. பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்து தென்பாண்டிச் சீமையே எலும்பாகிப் போனபோதுதான் சர்க்காருக்கு அந்த நினைப்பு அழுத்தமாக வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். வெள்ளம் அடித்துக்கொண்டு போனதைத் திரும்பக் கட்டி, சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கலந்த சாந்தில் அணையை எழுப்பி, 1895-ல் தண்ணீரைத் திருப்பினார்கள். காட்டில் மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் செத்த கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்கு மணிமண்டபம் இல்லை என்பதையும் எழுதச் சொன்னேன். டீச்சர் என்ன சொல்வாரோ.

பென்னிகுவிக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பிறந்தது ஜனவரி 15. பொங்கலோடு சேர்த்து அவர் படத்துக்கும் மாலை போடுகிற ஊர்கள் இங்கே உண்டு.

ஜூன் 27

ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்து போய்ப் பார்த்தால் வாழையில் நாற்பது மரம் சாய்ந்து கிடக்கிறது, தார் தள்ளினவை. முட்டுக் கம்பு கொடுக்கலாம் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சுடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொண்டுவந்து அணையை நிரப்புகிற அதே காற்று.

ஆனைமலையன்பட்டி மச்சான் போன் செய்தார். அவர் பந்தலில் திராட்சை தப்பித்ததாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது துள்ளினவர், "குறியீடு வந்துச்சு, வெலதான் வரல" என்றார். கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து வருஷம் முழுக்கப் பழம் எடுக்கிற மண் இது.

ஜூலை 6

நடவு முடிந்தது. உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கிறது.

ஜூலை 13

மதுரையிலிருந்து விருந்தாளிகள். "மேகமலை மட்டும் பார்த்தால் போதும்" என்றார்கள். எல்லோரும் சொல்வது அதுதான். சின்னமனூர் அவர்களுக்கு டீ குடிக்க நிற்கிற ஊர். தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி 18 கொண்டை ஊசி வளைவு, மேலே தேயிலை, குளிர், அங்கங்கே அட்டை. மறுக்கவில்லை, அழகுதான்.

இறங்கியதும் வலுக்கட்டாயமாகப் பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். யார் எதிரே நின்றாலும் அவர் உயரத்துக்கு ஒத்து நிற்கும் 'அளவுக்கு அளவானவர்' என்று சுவாமிக்குப் பெயர். குழந்தைகள் குதித்துக் குதித்துப் பார்த்தார்கள். எனக்கு இந்த ஊரின் பெருமை வேறு: சின்னமனூர்ச் செப்பேடு. 'மகாபாரதந் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்' என்று பாண்டியர் புகழைச் சொல்கிற பத்தாம் நூற்றாண்டுச் சாசனம். மதுரைக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ச் சங்கத்துக்குச் சாட்சி எங்கள் ஊரில் கிடைத்தது என்றேன். "அப்படியா?" என்றவர்கள் அடுத்து, திராட்சை எங்கே மலிவு என்று கேட்டார்கள்.

ஜூலை 19

ஆடி முதல் சனி. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற வண்டிகள் விடியற்காலையிலிருந்தே ரோட்டை அடைத்துவிட்டன. எங்கள் வரப்போரம் ஒரு வேன் நின்றது. பரமக்குடிக்காரர்களாம். பெரியவர் ஒருவர் இறங்கி வாய்க்காலில் கால் கழுவினார். பச்சை பிடித்த நடவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்க பக்கம் எப்ப வரும்?" என்று அப்பாவைக் கேட்டார்.

மடையைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "இங்கருந்து வைகை அணைக்குப் போயிரும்ணே. அதுக்கப்புறம் அது வேற கணக்கு."

பெரியவர் தலையாட்டிவிட்டு, ஈரக் காலோடு வேனில் ஏறினார்.