நடையிலிருந்து நரம்புக்கு: இடுப்பு, தொடை நரம்புக் காயங்களைப் படித்த விதம்

முதலாமாண்டு உடற்கூறியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் கேட்ட கேள்வி இது: "வலப்பக்கச் சுப்பீரியர் குளூட்டியல் நரம்பு அறுந்துவிட்டது. நோயாளி வலக்காலை மட்டும் ஊன்றி நிற்கிறார். இடுப்பு எந்தப் பக்கம் தாழும்?"

"வலப்பக்கம்" என்றேன். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளை இயக்கும் அந்த நரம்பு, முதுகுத்தண்டிலிருந்து எல்4, எல்5, எஸ்1 என்ற வேர்களாகக் கிளம்புகிறது என்பதும், அது இயக்கும் மூன்று தசைகளின் பெயர்களும் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் விடை தவறு. பேராசிரியர் கையிலிருந்த இடுப்பெலும்பை மேசையில் வைத்துவிட்டு, "எழுந்திரு தம்பி, இடக்காலைத் தூக்கிக்கொண்டு நில்" என்றார்.

நீங்களும் நின்று பாருங்கள். வலக்கை விரல்களை இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் பதித்துக்கொண்டு இடக்காலைத் தூக்குங்கள். விரல்களுக்கு அடியில் ஒரு தசை இறுகும். அதுதான் குளூட்டியஸ் மீடியஸ், அந்த நரம்பு இயக்கும் மூன்றில் ஒன்று. அது வலப்பக்க இடுப்பைத் தொடையெலும்போடு சேர்த்துப் பிடித்து இழுப்பதால்தான், தாங்க ஆளில்லாத இடப்பக்கம் தொங்காமல் நிற்கிறது. பிடி போனால் தாழ்வது இடப்பக்கம், அதாவது தூக்கிய காலின் பக்கம். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895-இல் விவரித்த அறிகுறி இது. நடக்கும்போது நோயாளி ஊன்றிய கால் பக்கமாகவே உடலைச் சாய்ப்பதும் இதனால்தான். எடையைக் காலுக்கு நேர்மேலே கொண்டுவந்து தசையின் வேலையைக் குறைத்துக்கொள்கிறார்.

அன்றிலிருந்து பாடத்தைத் தலைகீழாகப் படித்தேன். நரம்பின் பெயரில் தொடங்கித் தசைப் பட்டியலுக்குப் போகாமல், நோயாளியால் எதைச் செய்ய முடியவில்லை என்பதில் தொடங்கி நரம்பைத் தேடிப் போனேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, படியேறச் சிரமம் என்றால் பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்ஸிமஸ். ஆகவே அதை இயக்கும் இன்ஃபீரியர் குளூட்டியல் நரம்பு.

தேர்வுக்கும் சரி, வார்டுக்கும் சரி, நான் மிகவும் மதிக்கும் உத்தி ஒன்று உண்டு. ஒரே வேரிலிருந்து கிளம்பி வேறு நரம்பு வழியாகப் போகும் தசையைச் சோதிப்பது. முழங்காலை நீட்ட வலுவில்லை, முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதைக்கவில்லை, தொடையின் முன்பக்கமும் கெண்டைக்காலின் உட்பக்கமும் மரத்திருக்கின்றன. தொடையின் முன்பக்கத் தசைகளை இயக்கும் ஃபெமோரல் நரம்பு என்று உடனே எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஃபெமோரல், தொடைகளை நெருக்கும் தசைகளை இயக்கும் ஆப்டுரேட்டர் இரண்டுமே எல்2, எல்3, எல்4 வேர்களிலிருந்து வருபவை. நோயாளியின் முழங்கால்களுக்கு நடுவே உங்கள் கைமுட்டியை வைத்து நெருக்கச் சொல்லுங்கள். நன்றாக நெருக்கினால் ஆப்டுரேட்டர் நலமாக இருக்கிறது. கோளாறு ஃபெமோரல் நரம்பில்தான். நெருக்கவும் வலுவில்லை என்றால், முதுகெலும்பின் அருகே வேரிலோ நரம்புப் பின்னலிலோ தேட வேண்டும். பத்து விநாடிகூட ஆகாத சோதனை.

பாதம் தொங்கும் நோயாளியிடமும் இதே தர்க்கம்தான். முழங்காலுக்குக் கீழே, கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவின் கழுத்தில் பெரோனியல் நரம்பு அழுத்தப்பட்டாலும் பாதம் தொங்கும். எல்5 வேர் நசுங்கினாலும் தொங்கும். வேர்க் கோளாறில் பாதத்தை உட்புறம் திருப்புவதும் தொடையைப் பக்கவாட்டில் விரிப்பதும் கூடவே பலவீனப்படும். பெரோனியல் காயத்தில் அவை தப்பிவிடும்.

மூன்றாவது இடம், பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் சியாட்டிக் நரம்பு. பெரோனியல் நரம்பு அதன் கிளைதான். எங்கள் வார்டில் ஒரு சிறுவனைப் பார்த்தேன். காய்ச்சலுக்குப் பிட்டத்தில் ஊசி போட்ட உடனே கால் முழுவதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்ததாம். நடக்கச் சொன்னோம். முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று வைத்தான். நாலடிக்குள் அந்தக் காலின் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவன் கவனிக்காமல் நடந்துகொண்டே இருந்தான். அவனுடைய அம்மா குனிந்து எடுத்துக்கொண்டார், பழகிப்போனவர்போல. பிட்டத்தை நான்காகப் பிரித்து மேல்-வெளிக் கால்பகுதியில் போட வேண்டிய ஊசி, இடம் தவறினால் இதுதான் நடக்கும். அந்தச் செருப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முழுக்கத் தவிர்க்கக்கூடிய காயம் அது.

சியாட்டிக் காயத்தில் பெரும்பாலும் அதன் பெரோனியல் பகுதியே அதிகம் அடிபடுவதால், கோளாறு ஃபிபுலாவின் கழுத்தில்தான் என்று ஏமாற நேரும். தொடையில் பெரோனியல் பகுதி இயக்கும் தசை தொடையின் பின்பக்கத் தசையான பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலை ஒன்றுதான். மின்தசைச் சோதனையில் அதுவும் பாதிக்கப்பட்டிருந்தால் காயம் முழங்காலுக்கு மேலே. வைவாவில் இதைக் கேட்பார்கள்.

தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும் எரிச்சல், மரப்பு. வலு குறையவில்லை, முழங்கால் அனிச்சையும் சரி என்றால், லேட்டரல் கியூட்டேனியஸ் நரம்பு தொடையிடுக்கிலுள்ள இங்குவினல் தசைநாரின் அடியில் நசுங்கியிருக்கிறது. இறுக்கமான பெல்ட், உடல் பருமன், கர்ப்பம் ஆகியவை வழக்கமான காரணங்கள். அது தொடுவுணர்வு நரம்பு மட்டுமே. அங்கே தசையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படம் வரைவதென்றால் பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசையை முதலில் வரையுங்கள். அதற்கு மேலே வெளிவரும் நரம்பு சுப்பீரியர் குளூட்டியல். சியாட்டிக், இன்ஃபீரியர் குளூட்டியல் உள்ளிட்ட மற்றவை வழக்கமாகக் கீழே வருபவை. பிறகு நண்பர் ஒருவரை ஒற்றைக்காலில் நிற்கவைத்து, தாழும் பக்கத்தைக் கையால் காட்டிச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் முறை வைவாவுக்குப் போகும் முன் நான் அப்படித்தான் விடுதி வராந்தாவில் நின்று படித்தேன்.