பிஞ்சு நெஞ்சுக்குள் போகும் வெளிச்சம்

இங்கே திருகோணமலையில் தங்கச்சியின் மகன் குறைமாதத்தில் பிறந்தபோது நுரையீரலைப் பார்க்க எக்ஸ்றே எடுத்தார்கள். அது தேவைதான், ஆனாலும் கதிர்வீச்சு இல்லாமல் பார்க்க வழியே இல்லையா என்று தேடும்போது காஸ்மாஸ் (GASMAS) என்ற முறை கண்ணில் பட்டது; ஒளியைச் சிதறடிக்கும் பொருளுக்குள் இருக்கும் வாயுவை லேசர் ஒளியால் அளக்கும் முறை அது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலாளர் சூனே ஸ்வான்பெர்க்கின் குழு அதை 2001-இல் வெளியிட்டது.

இருட்டில் டோர்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் மறுபக்கம் வருமே, அடிப்படை அதுதான். நெஞ்சின் தோலில் வலுக்குறைந்த லேசரை வைத்து, சிதறி வரும் ஒளியை இன்னோர் இடத்தில் பிடிக்கிறார்கள். தசையும் இரத்தமும் ஒளியை அகலமான அலைநீளப் பரப்பில் உறிஞ்சும், ஒட்சிசன் வாயுவோ 760 நானோமீற்றர் அருகே மிக ஒடுங்கிய கோடுகளில் மட்டும் உறிஞ்சும், அதனால் லேசரின் அலைநீளத்தை நுணுக்கமாக நகர்த்தினால் ஒளியின் அளவில் கூர்மையாகத் தெரியும் பள்ளம் வாயுவுடையது என்று பிரித்துவிடலாம். சரி, சிதறிய ஒளி வாயுவுக்குள் எவ்வளவு தூரம் போனது? அதற்கு நீராவியையும் அளக்கிறார்கள். உடல் வெப்பநிலையில் நுரையீரலில் அதன் செறிவு எவ்வளவு என்பது தெரிந்ததுதானே, அதனால் அது எவ்வளவு ஒளியை உறிஞ்சியது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது!

பெரியவர்களின் நெஞ்சு தடிப்பு, ஒளி அவ்வளவு ஆழம் போகாது. பச்சைக் குழந்தைக்குப் போகும், அதுவும் கட்டிலிலேயே, தொடர்ந்து. எக்ஸ்றே மாதிரிப் படம் தராது, ஆனால் நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று குறைவதை உடனுக்குடன் காட்டக்கூடியது. ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிடாமல் எங்கள் குழந்தைகள் பிரிவுகளுக்கும் இது வரவேண்டும்.