"டி.பி. பேஷண்ட் வீடு எதுங்க?"

கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஊசியால் நீர் எடுத்துச் சோதித்ததில் டி.பி. என்று வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். டி.பி. நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையப் பதிவு வரை மதுரையில் எல்லாம் மளமளவென்று முடிந்தது. வினையே மேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கருகில் மாத்திரை வாங்கப் போனபோதுதான்.

ஜன்னலில் சீட்டை நீட்டினேன். உள்ளே இருந்த அம்மா மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு, "டி.பி.யா? தள்ளி நில்லும்மா" என்றார். பின்னால் பிரஷர் மாத்திரைக்கு நின்ற வரிசையே இரண்டடி நகர்ந்தது. கூட வந்த அத்தையிடம், "தட்டு, டம்ளரைத் தனியா வச்சிருங்க, பிள்ளையப் பக்கத்துல விடாதீங்க" என்று உபதேசம் வேறு. நுரையீரல் டி.பி.யே காற்றில்தான் பரவும், தட்டில் ஒட்டிக்கொண்டு வராது. என்னுடையது நெறிக்கட்டி டி.பி., அது தொற்றவே தொற்றாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அத்தைக்கு ஜன்னல் அம்மா சொன்னதுதான் வேதவாக்கு. அன்று ராத்திரி எனக்குத் தனித்தட்டு. நாலு வயது மகள் அத்தையிடம் படுத்துக்கொண்டாள்.

மாத்திரை போட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தம் என்று நினைத்து நடுங்கிப் போனேன். அது மாத்திரையின் நிறம்தானாம். தட்டைப் பற்றிப் பேச நேரமிருந்தவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வந்த பணியாளர், முக்கு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, என் பெயரையும் சொல்லி, "டி.பி. பேஷண்ட் வீடு எதுங்க?" என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் காலையில் பால்காரர் வாசலோடு பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன செய்ய?

ஆகவே பதியும்போதே, "வருமுன் போன் செய்யுங்கள், தெருவில் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். உள்ளூரில் வாங்கக் கூச்சமாக இருந்தால் நிக்ஷய் எண்ணை வைத்து வேறு மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றிக்கொண்டேன். மாதம் 1000 ரூபாய்க் கணக்கில் அரசு தரும் ஊட்டச்சத்துப் பணமும் சிக்கலில்லாமல் வந்தது.

என் வீட்டுக்காரர் போய்ச் சத்தம் போட்ட பிறகு டி.பி. மேற்பார்வையாளரே வந்தார், போன் செய்துவிட்டு. மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, இது தொற்றாது, ஆறு மாதம் மாத்திரை விடாமல் போட்டால் சரியாகிவிடும் என்று அத்தைக்கு நிதானமாக விளக்கினார்.

எல்லாம் கேட்டுவிட்டு அத்தை, "அப்ப அந்தம்மா எதுக்குய்யா மூக்க மூடுச்சு?" என்றார்.

மேற்பார்வையாளர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.