வாத்தியாரின் கம்பு

கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது அந்தச் சிலம்பக் கம்பு. இன்று காலை, காசிமேட்டில், வாத்தியார் வீட்டில்.

அவர் பிடிக்கும் இடத்தில் மட்டும் மூங்கில் கறுத்து வழவழத்திருந்தது. முப்பது வருட உள்ளங்கை வியர்வை.

எனக்கு முதல் மூன்று மாதம் கம்பையே தரவில்லை. மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வெறும் காலடி. எரிச்சலில் இரண்டு முறை நின்றுவிட்டேன். இரண்டு முறையும் வீட்டுக்கே வந்து கூட்டிப்போனார். காசு? வெற்றிலை பாக்கோடு சரி.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பார்க்க அவர் இல்லை.

மாடியில் தொப் தொப்பென்று சத்தம். ஏறிப் பார்த்தால் அவருடைய பேத்தி, வெறுங்கையோடு.

"கம்பு எங்கே கண்ணு?"

"அம்மா இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்கிறார்கள், மாமா." கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.