மேஸ்திரி போட்ட ஒண்ணுக்கு நாலு

குன்னூர்ல பழைய பங்களா போர்ஷன்ல குடியிருக்கோம்னு சொன்னா போதும், மலைக்குக் கீழ இருக்கிற சொந்தக்காரங்க முதல்ல கேக்குறது "ஃபயர்பிளேஸ் இருக்கா?"ங்கிறதுதான். இருக்கு சாமி, உள்ள பின்சுவத்துல பூச்சு பூரா பெயர்ந்து செங்கல் பல்ல இளிச்சுக்கிட்டு இருக்கு.

ஹவுஸ் ஓனர் ஒரு மேஸ்திரிய அனுப்பினாரு. அவர் கரண்டியால நாலு தட்டு தட்டிட்டு, "ஒண்ணுக்கு நாலு, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் போட்டுப் பூசிட்டா பூகம்பமே வந்தாலும் அசையாதுங்க"ன்னார். நாங்க வைக்கப்போறது தீயாச்சேன்னேன். "சிமெண்டே சூளையில வெந்து வர்ற சாமான்தானுங்க, அதுக்கென்ன சூடு"ன்னார் பாருங்க, எனக்கு பதிலே வரல.

பூச்சு மழமழன்னுதான் இருந்துச்சு. சீகை விறக அடுக்கி பத்த வெச்சோம், கொஞ்ச நேரத்துல படார்னு ஒரு சத்தம், தோசை சைஸுக்கு ஒரு வில்லை கழண்டு தணல்ல விழ, சாம்பல் பூரா மாமியார் மடியில.

விஷயம் என்னன்னா, இறுகின சிமெண்ட் 400 டிகிரி தாண்டினா உள்ள பிடிச்சு வெச்சிருக்கிற தண்ணிய விட்டுட்டு உதிர ஆரம்பிச்சுடும், மணல் வேற 573 டிகிரில திடீர்னு உப்பும், ஈரம் மிச்சமிருந்தா ஆவியும் சேர்ந்து தள்ளும். ஐப்பசி மழையில குன்னூர்ல துணியே காயாது, பூச்சு எங்க காயும்?

"மண்ணடுப்புலதான் இத்தன வருஷம் ஆக்கினேன், ஒருநாளும் வெடிச்சதில்ல, களிமண்ணப் பூசச் சொல்லுங்க மாப்ள"ன்னாங்க மாமியார். கிட்டத்தட்ட அதேதான் விடை. இரும்ப உருக்கி வார்க்கிற ஃபவுண்டரிக்கு சரக்கு விக்கிற கடை கோயம்புத்தூர்ல இருக்கு, அங்க ஃபயர் கிளேங்கிற தீ தாங்குற களிமண்ணும், சூடு தாங்குற ஹை அலுமினா சிமெண்ட் கொஞ்சமும் வாங்கி மேட்டுப்பாளையம் வழியா பஸ்ல ஏத்தினா, கண்டக்டர் மூட்டையத் தட்டிப் பாத்துட்டு "இட்லி மாவா சார்?"ங்கிறாரு. லக்கேஜ் டிக்கெட்ட மட்டும் விடல.

அதே மேஸ்திரிதான் வந்தார். பழசக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, செங்கல்ல நனைச்சு, மெல்லிசா இழுத்துவிட்டார், வாயே திறக்கல.

நல்லா காயவிட்டு, முதல்ல சின்னச் சின்னதா தீ வெச்சுத்தான் பழக்கணும், எடுத்த எடுப்புல பெருசா எரிச்சா மறுபடியும் வெடிப்பு விடும். சரியா அந்த நேரம் பாத்து மதுரையிலிருந்து மச்சான் குடும்பத்தோட வந்து இறங்கினான், மார்கழிக் குளிரு, ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டர், உள்ள எரியுறது நாலே நாலு சுள்ளி.

"மாமா, எங்க வீட்ல கொசுவுக்குப் போடுற தீயே இதவிட பெருசா எரியும்"னு சொல்லிக்கிட்டே ஒரு கட்டைய எடுத்தான். மாமியார் பட்டுனு கையிலயே ஒண்ணு போட்டாங்க, "வைடா கீழ, மடியில வாங்கினது நானு!"