மாட்டுக்குத் தண்ணி வைக்காத பின்னேரம்

திருகோணமலையில் பெரும்போக மழை இறங்கினால் எங்கள் ஆய்வுக்கும் வேலை வந்துவிடும். மற்ற மாதங்களில் கோப்புகளோடு மல்லுக்கட்டல், கார்த்திகை மார்கழியில் வார்டோடு. ஆய்வு செப்சிஸ் பற்றியது. வீட்டில் கேட்டால் "இரத்தத்தில் கிருமி ஏறுற வருத்தம்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அது பாதிக் கதைதான். கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடல் நிலைதவறித் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் சேர்த்து அடிப்பதுதான் செப்சிஸ். 2016இல் வந்த வரையறையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது.

முதலில் எனக்குக் கோபம் வந்தது மூச்சு எண்ணிக்கையில்தான். முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியின் பழைய கோப்புகளில் எல்லோருமே நிமிடத்துக்கு 20 தடவை மூச்சு விட்டிருந்தார்கள். ஐ.சி.யூவுக்குப் போனவருக்கும் 20, கால் சுளுக்கியவருக்கும் 20. 22க்கு வந்தாலே உஷாராகு என்கிற வருத்தம் இது! ஆனால் கட்டில் நிறைந்து தரையிலும் பாய் விரித்த இரவில், ஒருவரின் நெஞ்சைப் பார்த்தபடி முழு நிமிடம் நிற்க எந்த நேர்ஸுக்கு முடியும்? இரண்டு இரவுக் கடமையில் என் கோபம் அடங்கிவிட்டது.

அப்படியொரு மழைக்காலத்தில்தான் தம்பலகாமம் பக்கமிருந்து ஒரு கமக்காரரைக் கொண்டுவந்தார்கள். நீண்டநாள் சீனி வருத்தம், குதிக்காலில் வெடிப்பு, விரல் நகத்துக்குள் வயல் சேறு அப்படியே இருந்தது. மணிக்கூட்டைப் பிடித்து மூச்சை எண்ணினேன், 34. முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தது. விரல் நுனியை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப ஆறேழு விநாடி எடுத்தது. பிரஷர் விழுந்த நேரம் காலை 10.40 என்று கோப்பில் எழுதி, அதையே கணக்குத் தொடங்கும் பூச்சிய நேரமாகக் குறித்துக்கொண்டேன்.

அவருடைய மனைவி பக்கத்தில் நின்றார். "காய்ச்சல் நேற்றுத்தான் பிள்ளை. ஆனா முந்தநாள் பின்னேரமே இவர் இவராயில்ல. மாட்டுக்குத் தண்ணி வைக்காமப் போய்ப் படுத்திட்டார். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து இவர் அப்பிடிப் படுத்ததில்ல."

2006இல் வந்த ஆய்வொன்றை எங்கள் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பிரஷர் விழுந்த பிறகு, முதல் ஆறு மணி நேரத்தில், சரியான மருந்து பிந்தும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைகிறது என்பது அதன் கணக்கு. நானும் அதை எத்தனையோ தடவை மேடையில் காட்டியிருக்கிறேன். அந்த மணிக்கூடு ஓடத் தொடங்குவதே பிரஷர் விழுந்த பிறகுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு அதற்கு முன்பே ஒன்றரை நாளுக்கு மேல் போயிருந்தது.

சரி, குருதியை இரண்டு போத்தல்களில் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கினோம். வயல், சேறு, சீனி வருத்தம் மூன்றும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸை மனதில் வைக்க வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் வருத்தம் அது. ஜென்டாமைசின் என்ற மருந்து பெரும்பாலும் அந்தக் கிருமியிடம் எடுபடாது, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். ஆய்வுகூடத்தில் வேறு கிருமியென்றோ, வெளியிலிருந்து கலந்த அசுத்தமென்றோ தவறிப்போவதும் உண்டு. எங்கள் நல்ல காலம், கோ-அமொக்ஸிக்ளாவுக்குப் படிந்துபோகிற இந்தக் கிருமி ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியவில்லையே, மெலியோய்டோசிஸாக இருக்குமோ என்று ஆய்வுகூடத் தம்பி சந்தேகப்பட்டான். அவர் பிழைத்தார். ஊசி மருந்து முடிந்து, மூன்று மாதத்துக்குக் குளிசையோடு வீட்டுக்குப் போனார்.

அப்புறம் எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டினேன்: ஆள் எப்போது மாறினார்? புள்ளிவிவரம் பார்க்கும் தம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, மாட்டை எக்செலில் எப்படிப் போடுறது?" நியாயமான கேள்விதான். உறவினர் நினைவு பிசகும். நடந்து முடிந்த பிறகு எல்லாம் அறிகுறியாகத்தான் தெரியும். இது எனக்கும் தெரியும். ஆனாலும் மூச்சு 20 என்ற பொய்யைவிட இதை நம்பலாம் என்றுதான் படுகிறது.

போன கிழமை மூதூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா வெத்திலை கேக்கல்ல, டொக்டர்."

பிற்பகல் 4 என்று எழுதி, பக்கத்தில் வெற்றிலை என்றும் எழுதிவைத்தேன்.