ரெண்டு கரைவேட்டி, ஒரு படகுக் கணக்கு

பாம்பன் டீக்கடை பெஞ்சில் ரெண்டு கரைவேட்டி. ஒன்று கறுப்பு சிவப்பு. இன்னொன்றில் நடுவே வெள்ளைக் கோடு.

"மீன்பிடித் தடைக்கால நிவாரணத்த 8,000 ஆக்குனது யாரு மச்சான்? 2023ல மண்டபம் ஊர்ல வச்சுத்தான ஸ்டாலின் சொன்னாரு?"

"61 நாளைக்கு வகுத்துப் பாரு, நாளுக்கு 131 ரூவா. நாங்க ஆழ்கடல் படகே குடுத்தோம்ல!"

அந்தப் படகுக் கணக்கை ரெண்டு பேருமே முழுசாகச் சொல்லவில்லை.

2017 திட்டப்படி ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 40, மாநிலம் 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவதாகப் பேச்சு. அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

பாக் நீரிணைக்குப் போகிற படகு ராத்திரி போய்க் காலையில் திரும்பிவிடும். ஆழ்கடல் சூரை மீனுக்கு நாள்கணக்கில் கடலில் கிடக்கணும். டீசலும் ஐஸும் முன்பணமாக முடங்கும். மீன் படாவிட்டால் வட்டிதான் கரைசேரும். படகுக்கு மானியம் போட்டவர்கள் இதை யோசித்திருக்கணும்.

"பாதிக் காசு டெல்லிக் காசுல்ல? 2025ல மறுபடி பாஜகவோட சேந்தாச்சு. இந்தக் கரையில அதச் சொல்லி ஓட்டு கேப்பீகளாண்ணே?" டீ ஆற்றுகிறவர் கேட்டார்.

வெள்ளைக் கோட்டு வேட்டி வடையைப் பிய்த்தது.